எகிப்தின் கல் விலங்குகளைப் பார்க்கப் போகிறவர்களுக்கு: விசாவிலிருந்து டார்ச் வரை

முதல் முறை எகிப்து போனபோது சக்காராவில் எனக்குக் கிடைத்தது நாற்பது நிமிடம். குழுச் சுற்றுலா. படிக்கட்டுப் பிரமிடு முன்னால் நின்று படம், ஒரே ஒரு கல்லறைக்குள் நுழைந்து வெளியே வருவது, அப்புறம் நேராகக் கம்பளக் கடை. நான் அவ்வளவு தூரம் போனதே கல்லில் செதுக்கிய விலங்குகளைப் பார்ப்பதற்காகத்தான். நான் தேடிப்போன கன்றுக்குட்டி இருக்கும் கல்லறைக்கு வண்டி திரும்பவே இல்லை. இரண்டாவது முறை எல்லாவற்றையும் நானே திட்டமிட்டுப் போனேன். அதிலும் விசாவில் தடுமாறினேன், டிக்கெட் கவுண்டரில் கார்டு வேலை செய்யாமல் நின்றேன், பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு மணி நேரம் காத்திருந்தேன். ஆனாலும் பதினோரு நாளில் பார்க்க நினைத்ததில் பெரும்பகுதியைப் பார்த்துவிட்டேன். நான் பட்ட சிரமம் உங்களுக்கு வேண்டாம் என்றுதான் இதை வரிசையாக எழுதுகிறேன்.

இந்தச் சிற்பங்கள் சுவரிலிருந்து சில மில்லிமீட்டர்தான் எழுந்து நிற்கும். எதிரிலிருந்து வெளிச்சம் விழுந்தால் வெறும் சுவர். பக்கவாட்டில் விழுந்தால் மாடு மூச்சு விடும். ஆகவே பயணத்தை இடங்களின் பட்டியலை வைத்துத் திட்டமிடாதீர்கள். வெளிச்சத்தையும் சாவியையும் வைத்துத் திட்டமிடுங்கள்.

1. எதைப் பார்க்கப் போகிறீர்கள் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

எகிப்தில் விலங்குச் சிற்பம் இல்லாத சுவரே கிடையாது. எழுத்துகளிலேயே ஆந்தை, கழுகு, காடைக் குஞ்சு, கொம்புப் பாம்பு, சிங்கம் எல்லாம் இருக்கின்றன. எல்லாவற்றையும் பார்க்கிறேன் என்று கிளம்பினால் மூன்றாவது நாளே கண் களைத்துவிடும். என் கணக்கில் நேரம் ஒதுக்க வேண்டியவை நான்கு: கெய்ரோவுக்குத் தெற்கே சக்காராவின் மஸ்தபாக் கல்லறைகள் (பெட்டி வடிவில், தட்டைக் கூரையோடு கட்டியவை), லக்சரின் மேற்குக் கரைக் கோயில்கள், லக்சரின் கிழக்குக் கரையில் கர்னாக் கோயில், இன்னும் தெற்கே எட்ஃபு, கோம் ஓம்போ கோயில்கள்.

நாள் குறைவு என்றால் சக்காராவை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை விடுங்கள். மாறாகச் செய்யாதீர்கள்.

ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடுகிறேன். புத்தக அட்டைகளில் வரும், மெய்தும் என்ற இடத்து வாத்துகள் புடைப்புச் சிற்பம் அல்ல, பூச்சின் மேல் தீட்டிய ஓவியம். பெனி ஹசன் கல்லறைகளின் பறவைகளும் ஓவியம்தான். செதுக்கல்தான் வேண்டும் என்றால் பெனி ஹசனுக்காக ஒரு நாளைச் செலவிட வேண்டாம்.

2. விசாவும் காகிதங்களும்

இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்களுக்காக எழுதுகிறேன். அமெரிக்கா, பிரிட்டன், ஷெங்கன் நாடுகள் போன்றவற்றின் செல்லுபடியாகும் விசா உங்களிடம் இருந்து, அதை ஒரு முறையாவது பயன்படுத்தியும் இருந்தால், கெய்ரோ விமான நிலையத்திலேயே விசா வாங்கும் வழி உண்டு. என்னோடு விமானத்தில் வந்தவர் அப்படித்தான் வாங்கினார். 25 டாலர் ரொக்கமாகக் கொடுத்தார். “பயன்படுத்திய” என்பதைக் கவனியுங்கள். விசா ஒட்டி, அந்த நாட்டுக்குப் போகாமலே இருந்தால் அது கணக்கில் வராது.

அப்படி ஒன்றும் இல்லாதவர்கள் முன்கூட்டியே தூதரக வழியாகத்தான் வாங்க வேண்டும். டெல்லியில் தூதரகமும் மும்பையில் துணைத் தூதரகமும் இருக்கின்றன. நான் கொடுத்தவை: ஆறு மாதத்துக்கு மேல் செல்லுபடியாகும் பாஸ்போர்ட், வெள்ளைப் பின்னணியில் புகைப்படம், போக வர விமான முன்பதிவு, எல்லா இரவுகளுக்கும் ஓட்டல் முன்பதிவு, ஆறு மாத வங்கிக் கணக்கு விவரம், வருமான வரி தாக்கல் நகல், வேலை செய்யும் இடத்திலிருந்து விடுப்புக் கடிதம், எந்த நாளில் எந்த ஊர் என்று ஒரு பக்கப் பயணத் திட்டம்.

நான் சறுக்கியது ஓட்டல் முன்பதிவிலும் பயணத் திட்டத்திலும். பயணத் திட்டத்தில் லக்சரில் நான்கு இரவு என்று எழுதிவிட்டு ஓட்டலை மூன்று இரவுக்குத்தான் போட்டிருந்தேன். நான் நம்பிக் கொடுத்த முகவரும் அதைப் பார்க்கவில்லை. விண்ணப்பம் திரும்பி வந்தது, பன்னிரண்டு நாள் போயிற்று. தேதிகளை ஒன்றோடு ஒன்று வைத்து நீங்களே சரிபாருங்கள். பயணத்துக்கு ஆறு வாரம் முன்பே காகிதங்களைக் கொடுத்துவிடுங்கள். விமான டிக்கெட்டை ரத்து செய்யக்கூடிய வகையில் போடுங்கள்.

இணையத்தில் விசா தருவதாகச் சொல்லும் போலித் தளங்கள் நிறைய. பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும், கட்டணம் மட்டும் இரண்டு மூன்று மடங்கு. எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு மின்விசா உண்டு என்ற பட்டியல் மாறிக்கொண்டே இருப்பதால், எகிப்து அரசின் தளத்தில் அதைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

சென்னையிலிருந்து நேரடி விமானம் கிடையாது. வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போவதுதான் எளிது.

3. பணம்: கார்டும் சில்லறையும்

இதில்தான் அதிகம் பேர் மாட்டுகிறார்கள். முக்கியமான தொல்லியல் தலங்களின் டிக்கெட் கவுண்டர்களில் வெளிநாட்டவரிடம் ரொக்கம் வாங்குவதில்லை. விசா, மாஸ்டர்கார்டு மட்டும்தான். 2020-இல் ரிசர்வ் வங்கி விதி கொண்டுவந்ததிலிருந்து புதிய இந்தியக் கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும் திறந்த நிலையில்தான் கைக்கு வருகின்றன. வெளிநாட்டுப் பயன்பாட்டை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். எனக்கு அது தெரியாது. சக்காரா கவுண்டரில் இரண்டு முறை கார்டைத் தேய்த்தும் எடுக்கவில்லை. பின்னால் வரிசை நீள, பக்கத்தில் நின்ற ஒரு வெளிநாட்டுப் பெண்மணி தன் கார்டில் எனக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்து, அதற்கு ஈடாக ரொக்கம் வாங்கிக்கொண்டார். அவர் இல்லையென்றால் அன்றைய நாள் போயிருக்கும்.

ஊரைவிட்டுக் கிளம்பும் முன் செய்ய வேண்டியவை: வெவ்வேறு வங்கியின் இரண்டு கார்டுகளில் வெளிநாட்டுப் பயன்பாட்டைத் திறந்து, தினசரி வரம்பை உயர்த்தி வையுங்கள். ரூபே கார்டை நம்பிப் போகாதீர்கள். ஓடிபி வர வேண்டும் என்பதால் இந்திய சிம்மில் ரோமிங் இருக்கட்டும்.

நான் போனபோது சக்காராவின் பொது டிக்கெட் 600 எகிப்து பவுண்டு, கர்னாக்குக்கும் அதே. மேற்குக் கரையில் நான் சொல்லப்போகும் இரண்டு கோயில்களும் இதைவிடக் குறைவு. ஒரு பவுண்டு இரண்டு ரூபாய்க்குச் சற்றுக் குறைவு என்று வைத்துக்கொண்டால் கணக்கு எளிது. கட்டணத்தை அடிக்கடி ஏற்றுகிறார்கள், அதனால் நான் சொன்ன தொகைக்கு மேல் கால் பங்கு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். மாணவர்களுக்குப் பாதி விலை. ஆனால் கல்லூரி அடையாள அட்டையைவிட சர்வதேச மாணவர் அட்டையைத்தான் கவுண்டரில் கேள்வி கேட்காமல் ஏற்றுக்கொள்கிறார்கள். மாணவர் என்றால் முன்பே வாங்கிவிடுங்கள். பத்து இடம் பார்த்தால் அந்த அட்டையின் செலவு பல மடங்காகத் திரும்பி வரும்.

டிக்கெட்டுக்குத்தான் கார்டு. மற்ற எல்லாவற்றுக்கும் சில்லறை வேண்டும். இருபதும் ஐம்பதுமாக ஒரு கட்டு தனிப் பையில் இருக்கட்டும். கல்லறைக் காவலர்களுக்கு இனாமாகக் கொடுக்கும் பக்‌ஷீஷ் அதிலிருந்துதான். இருநூறு பவுண்டு தாளை நீட்டினால் மீதி வராது.

4. எப்போது போவது

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. கோடையில் லக்சரில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும், திறந்த முற்றத்தில் நின்று ஒரு சுவரை அரை மணி நேரம் பார்க்க முடியாது. டிசம்பர் கடைசி வாரமும் ஜனவரி முதல் வாரமும் கூட்டம் தாங்காது. ரமலான் மாதத்தில் தலங்களைச் சீக்கிரம் மூடிவிடுவார்கள். அந்த மாதம் ஆண்டுதோறும் பத்துப் பதினோரு நாள் முன்னே நகர்கிறது, நாட்காட்டியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவார்கள். கல்லறைக் காவலர்களோ அதற்கும் முன்பே பூட்டத் தொடங்கிவிடுவார்கள். “ஐந்து மணி வரை” என்று பலகையில் இருந்தால் மூன்றரை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

5. சக்காரா: முழுதாக ஒரு நாள், முடிந்தால் இரண்டு

கெய்ரோவிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். பொதுப் போக்குவரத்தில் போவது வீண் சிரமம். செயலியில் டாக்சி பிடித்துப் போய்விடலாம், ஆனால் திரும்பி வர வண்டி கிடைக்காது. உள்ளேயும் கல்லறைகள் ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி இருக்கின்றன, மணலில் நடந்தால் பாதி நாள் நடையிலேயே போகும். அதனால் நாள் முழுவதற்கும் ஒரு வண்டி பேசுங்கள். நான் 1,800 பவுண்டு கொடுத்தேன். பேசும்போதே மூன்று விஷயங்களைச் சொல்லிவிட வேண்டும்: காலை எட்டு மணிக்குத் திறக்கும்போது வாசலில் இருக்க வேண்டும், உள்ளேயும் வண்டி கூட வர வேண்டும், கம்பளக் கடைக்கோ பப்பைரஸ் கடைக்கோ போகக் கூடாது. மூன்றாவதை இரண்டு முறை சொல்லுங்கள்.

நுழைவு கவுண்டரில் அவசரப்படாதீர்கள். பொது டிக்கெட்டில் எல்லாக் கல்லறைகளும் அடங்குவதில்லை, சிலவற்றுக்குத் தனி டிக்கெட் உண்டு. அது கல்லறை வாசலில் கிடைக்காது. கல்லறைப் பெயர்களை ஒரு தாளில் எழுதி நீட்டி, “இதெல்லாம் இன்று திறந்திருக்கிறதா, எதற்குத் தனி டிக்கெட்?” என்று கேளுங்கள். என் தாளில் இருந்த பெயர்கள், எல்லாம் அங்கே புதைக்கப்பட்டவர்களின் பெயர்கள்தான்: டி, மெரெருக்கா, ககெம்னி, ப்டாஹ்ஹோதெப், இதுத். சில கல்லறைகளைப் பராமரிப்புக்காக அவ்வப்போது மூடுவார்கள். மூடியிருப்பது கவுண்டரிலேயே தெரிந்துவிட்டால் அலைச்சல் மிச்சம்.

முதலில் டி கல்லறைக்குப் போங்கள். இது வடமேற்கு ஓரத்தில், புனித எருதுகளைப் புதைத்த செராபியம் என்ற நிலத்தடிக் கல்லறைக்குப் பக்கத்தில் தனியாக இருக்கிறது. குழுக்கள் பெரும்பாலும் இங்கே வருவதில்லை. நான் போனபோது காவலர் வேறெங்கோ இருந்தார். ஒரு மணி நேரம் படியில் உட்கார்ந்திருந்தேன். வண்டி ஓட்டியவர்தான் போய்த் தேடி அழைத்து வந்தார். உள்ளூர் ஓட்டுநர் கூட இருப்பதன் அருமை அப்போதுதான் தெரியும்.

உள்ளே, மாடுகள் ஆற்றைக் கடக்கும் காட்சியைத் தேடுங்கள். மேய்ப்பவர் ஒருவர் குனிந்தபடி தண்ணீரில் நடக்கிறார். நீந்தத் தெரியாத சின்னக் கன்று அவர் முதுகில். கன்று முன்னால் பார்க்கவில்லை, கழுத்தை முழுதாகத் திருப்பிப் பின்னால் வரும் தாயைப் பார்க்கிறது. தாய் கழுத்தை நீட்டி, வாயைத் திறந்து கத்துகிறது. நாக்கு தெரிகிறது. மாடுகளின் கால்கள் தண்ணீரின் நெளிகோடுகளுக்கு ஊடே தெரிகின்றன. நாலாயிரம் வருடத்துக்கும் மேலான கல். மாடு வளர்த்த வீட்டில் பிறந்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தக் கத்தல் காதில் விழும். நான் அதற்கு முன்னால் நின்ற நேரத்தைக் கணக்கு வைக்கவில்லை.

அதே கல்லறையில் நீர்யானை வேட்டைச் சுவரும் உண்டு. பின்னணி முழுக்கப் பப்பைரஸ் தண்டுகள், நேர்க்கோடுகளாக. நடுவே டி தன் படகில் பெரிய உருவமாக நிற்கிறார், வேட்டையாடுவது அவருடைய ஆட்கள். கீழே தண்ணீரில் ஒரு நீர்யானை முதலையைக் கவ்விப் பிடித்திருக்கிறது. எல்லாரும் இதைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். நீங்கள் தலையை உயர்த்துங்கள். தண்டுகளின் உச்சியில் பறவைக் கூடுகள், அதில் குஞ்சுகள். குஞ்சுகளைத் தின்ன கீரி மாதிரியான சிறு மிருகங்கள் தண்டில் ஏறுகின்றன, பாரம் தாங்காமல் தண்டு வளைகிறது. தாய்ப்பறவைகள் சிறகை விரித்துப் பதறுகின்றன.

அடுத்து டெட்டி பிரமிடுக்குப் பக்கத்தில் இருக்கும் மெரெருக்காவும் ககெம்னியும். இரண்டும் ஒட்டி ஒட்டி இருப்பதால் ஒரே நேரத்தில் முடிக்கலாம். மெரெருக்காவில் முப்பதுக்கும் மேற்பட்ட அறைகள். அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. நுழைந்த உடனே வரும் நீர்யானை வேட்டையில் செடித் தண்டுகளில் உட்கார்ந்திருக்கும் தவளையையும் வெட்டுக்கிளியையும் கண்டுபிடியுங்கள். அப்புறம் கழுதைப்புலியை மல்லாக்கப் படுக்கவைத்து வாயில் தீனி திணிக்கும் காட்சி. ககெம்னியில் மீன்கள். அங்கே வகைபிரித்துப் பெயர் சொல்லும் அளவுக்குச் செதுக்கியிருக்கிறார்கள். மடவை, கெளுத்தி, திலாப்பியா எல்லாம் செதிலும் துடுப்புமாக அடையாளம் தெரிகின்றன. இந்த மஸ்தபாக்களின் மீன் காட்சிகளில் ஒரு மீன் மட்டும் தலைகீழாக நீந்துவதைப் பார்த்தால் சிற்பி தவறிவிட்டார் என்று நினைக்காதீர்கள். நைலில் வயிறு மேலாக நீந்தும் ஒருவகைக் கெளுத்தி உண்டு. சிற்பி அதைத்தான் செதுக்கியிருக்கிறார்.

ப்டாஹ்ஹோதெப் கல்லறை திறந்திருந்தால் விடாதீர்கள். பாலைவன வேட்டைக் காட்சியில் சிங்கம் ஒரு மாட்டின் முகத்தைக் கவ்வுகிறது. அதே சுவரில் உள்ளங்கை அளவில் ஒரு முள்ளெலி, வாயில் வெட்டுக்கிளியோடு. இதுத் கல்லறையில் நீர்யானை குட்டி போடுகிறது, பின்னாலேயே முதலை வாயைத் திறந்து காத்திருக்கிறது.

ப்டாஹ்ஹோதெப் கல்லறையின் நுழைவுப் பாதையில் ஒரு நிமிடம் நில்லுங்கள். அங்கே வேலை பாதியில் நின்றுவிட்டது. சிவப்பு மையில் முதல் வரைவு, மேலே கறுப்பில் திருத்தம், அப்புறம் உளி பட்ட இடம் என்று வேலை நடந்த வரிசை அப்படியே தெரிகிறது. இதை முதலில் பார்த்துவிட்டால் மற்ற சுவர்களை வேறு கண்ணோடு பார்ப்பீர்கள்.

6. வெளிச்சத்தைக் கையாளுவது

மூடிய அறைகளுக்குள் இருப்பவை பெரும்பாலும் புடைப்பு. சுற்றியுள்ள கல்லைச் செதுக்கி எடுத்து, உருவத்தை மேலே நிற்க விட்டிருப்பார்கள். வெளிச் சுவர்களில் இருப்பவை பெரும்பாலும் குழி. உருவத்தின் விளிம்பை உள்ளே வெட்டி, அதற்குள் உடலை மொழுக்கிவிட்டிருப்பார்கள். கடும் வெயிலில் அந்த வெட்டு விளிம்பில் நிழல் விழும், உருவம் தூரத்திலிருந்தே தெரியும். இந்த வித்தியாசம் தெரிந்தால்தான் எதை எப்போது பார்ப்பது என்று தீர்மானிக்க முடியும்.

சக்காராக் கல்லறைகளில் மின்விளக்கு போட்டிருக்கிறார்கள், அது நேரே அடிப்பதால் சுவர் தட்டையாகிவிடும். ஒரு சிறிய டார்ச் கொண்டுபோங்கள். மஞ்சள் வெளிச்சம், அதிகப் பவர் வேண்டாம். காவலரிடம் சைகையில் கேட்டு அனுமதி வாங்கியபின், சுவருக்கு எதிரே பிடிக்காமல் ஓரத்தில் நின்று, சுவரோடு ஒட்டினாற்போல வெளிச்சம் ஓடும்படி ஒரு கை தூரத்தில் பிடியுங்கள். மாட்டின் விலா எலும்பு, கண் இமை, வாத்தின் இறகு வரிசை ஒவ்வொன்றாக எழும். இடது பக்கமிருந்து ஒரு முறை, வலமிருந்து ஒரு முறை.

சுவரைத் தொடாதீர்கள். காவலர் தாமே உங்கள் கையைப் பிடித்து “தொட்டுப் பாருங்கள்” என்று வைப்பார், பக்‌ஷீஷுக்காக. சிரித்தபடி கையை இழுத்துக்கொள்ளுங்கள். வியர்வையும் எண்ணெயும் பட்டுப்பட்டுத்தான் சில இடங்களில் வண்ணம் முழுக்கப் போய்விட்டது. காகிதம் வைத்துத் தேய்த்துப் படி எடுப்பதும் கூடாது.

காவலருக்கு எவ்வளவு? ஒரு கல்லறைக்கு இருபது முதல் ஐம்பது பவுண்டு, வெளியே வரும்போது. போகும்போதே கொடுத்தால் நம்மோடு சுற்றிச் சுற்றி வந்து எல்லாவற்றையும் விளக்கத் தொடங்குவார்கள். அமைதியாகப் பார்க்க முடியாது.

7. லக்சர்: மேற்குக் கரையில் இரண்டு நாள், கர்னாக்கில் ஒரு காலை

கெய்ரோவிலிருந்து லக்சர் ரயிலில் பத்து மணி நேரம், விமானத்தில் ஒரு மணி. ரயிலில் பகல் பயணம் செய்தால் நைல் வயல்களில் கழுதையும் எருமையும் வெள்ளைக் கொக்கும் வழியெல்லாம் வரும். சக்காராவில் கல்லில் பார்த்துவிட்டு வந்த கழுதையே வண்டி இழுத்துக்கொண்டு போகும். நேரம் இருந்தால் ரயிலில்தான் போகச் சொல்வேன்.

ஓட்டலை மேற்குக் கரையிலேயே போடுங்கள். டேர் எல் பஹ்ரியில் இருக்கும், பெண் அரசர் ஹட்ஷெப்சுட்டின் கோயில் கிழக்கு பார்த்தது, காலை வெயில்தான் அதற்கு வேண்டும். திறக்கும் நேரத்தில் அங்கே நின்றால் பெரிய குழுக்கள் வருவதற்குள் ஒரு மணி நேரம் உங்களுடையது. நடு மேடையில் இடது கைப் பக்கத் தூண் வரிசைக்குப் போங்கள். அங்கேதான் அவர் தூரத்துப் பன்ட் நாட்டுக்கு அனுப்பிய கப்பல் பயணத்தைச் செதுக்கிய சுவர். கப்பல்களுக்கு அடியில் ஓடும் தண்ணீர்ப் பட்டையில் செங்கடல் மீன்கள், கணவாய், சிங்கி இறால், திருக்கை, ஆமை. கப்பலில் ஏற்றிக்கொண்டு வரும் பபூன் குரங்குகள். மங்கலாகத்தான் இருக்கும், பொறுமையாகத் தேட வேண்டும்.

மேற்குக் கரையின் இன்னொரு கோயில் மெதினெத் ஹாபு, மூன்றாம் ராமேசஸ் அரசர் கட்டியது. அங்கே போவதில் ஒரு பொறி உண்டு. நான் போனபோது இதன் டிக்கெட் கோயில் வாசலில் கிடைக்கவில்லை. சாலையோரத்து மெம்னோன் பெருஞ்சிலைகளைத் தாண்டி இருக்கும் மேற்குக் கரை டிக்கெட் அலுவலகத்தில் வாங்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. வண்டியை முதலில் அங்கே நிறுத்தச் சொல்லிக் கேட்டுவிட்டுப் போங்கள்.

கோயிலுக்குள் நுழைந்தவர்கள் எல்லாரும் நேராக முற்றம் முற்றமாகப் போய்த் திரும்பிவிடுகிறார்கள். மூன்றாம் ராமேசஸின் காட்டெருது வேட்டை உள்ளே இல்லை. முதல் கோபுர வாயிலின் தெற்குப் பாதி இருக்கிறதே, அதன் பின்புறத்தில், வெளிப்பக்கமாக இருக்கிறது. கோயிலின் தெற்குப் பக்கம் சுற்றிப்போக வேண்டும். நான் இரண்டு பேரிடம் வழி கேட்டும் புரியாமல் மூன்றாவது முறைதான் கண்டுபிடித்தேன். ராஜா ரதத்தில் பாய்ந்து வருகிறார், எருது நாணல் காட்டுக்குள் சரிகிறது. நாணல் தண்டுகள் அதன் உடம்பை மறைத்தும் காட்டியும் நிற்கின்றன. பக்கத்தில் ஓடும் தண்ணீரில் மீனும் வாத்தும், இந்தக் கலவரத்துக்கும் தங்களுக்கும் சம்பந்தமில்லாததுபோல.

இந்தச் சுவர் வடமேற்கு பார்த்தது. குளிர்காலத்தில் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் வெயில் அதன்மேல் ஏறத் தொடங்கும், அதுவும் சுவரைத் தடவிக்கொண்டு ஓடும் சாய்ந்த வெயில். குழிச் சிற்பத்துக்கு அதைவிட நல்ல வெளிச்சம் கிடையாது. காலையில் போய்விட்டு “ஒன்றும் தெரியவில்லை” என்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மதியம் இரண்டு மணிக்கு உள்ளே போய், மற்றதைப் பார்த்துவிட்டு, மூன்றுக்கு அங்கே நில்லுங்கள்.

கர்னாக்கில் மூன்றாம் துட்மோஸ் அரசர் கட்டிய விழா மண்டபத்தின் பின்னால், கிழக்கு ஓரத்தில், கூரையில்லாத சின்ன அறை ஒன்று இருக்கிறது. “தாவரத் தோட்டம்” என்று கேட்டால் காவலர்களுக்குத் தெரியும். சிரியப் பக்கத்துப் படையெடுப்பிலிருந்து கொண்டுவந்த செடிகளும் பறவைகளும் சுவரின் அடிப்பகுதியில் வரிசையாக இருக்கின்றன. இரண்டு வால் உள்ள கன்று, கூடுதல் கொம்புள்ள மாடு என்று விசித்திரப் பிறவிகளையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். பெரிய தூண்களைப் பார்த்துக் களைத்து வருபவர்கள் இதுவரை வருவதே இல்லை. நீங்கள் காலையில் முதலில் இங்கே வந்துவிட்டு, அப்புறம் தூண்களுக்குப் போங்கள்.

8. எட்ஃபுவும் கோம் ஓம்போவும்

லக்சரிலிருந்து அஸ்வான் போகும் வழியில் இரண்டையும் ஒரே நாளில் வண்டியில் பார்த்துவிடலாம். எட்ஃபுவில் மேற்கு மதிலின் உட்புறத்தைப் பாருங்கள். ஹோரஸ் கடவுள் நீர்யானையை ஈட்டியால் குத்துகிறார். நீர்யானை ஹோரஸின் எதிரியான சேத் கடவுளின் உருவம், அதனால் அதை எலிக்குட்டி அளவுக்குச் சின்னதாகச் செதுக்கியிருக்கிறார்கள், மந்திரத்தில்கூட அது எழுந்து வந்துவிடக் கூடாது என்று. முற்பகலில் போங்கள். கோம் ஓம்போ முதலைக் கடவுள் சோபெக்குக்கும் மூத்த ஹோரஸுக்கும் பங்கிட்ட கோயில். பக்கத்திலேயே முதலை மம்மிகளின் அருங்காட்சியகம் இருக்கிறது. கப்பல் பயணிகள் மாலையில் மொத்தமாக வந்து இறங்குவார்கள், அதற்கு முன் முடித்துவிடுங்கள்.

இந்த இரண்டும் சக்காராவுக்கு இரண்டாயிரம் வருடம் பிந்தியவை. உடல்கள் உப்பலாக இருக்கும். எனக்கு மனம் ஒட்டவில்லை. நாள் குறைந்தால் முதலில் வெட்ட வேண்டியது இதைத்தான்.

9. கெய்ரோவில் ஒரு பாதி நாள்

தஹ்ரீர் சதுக்கத்துப் பழைய அருங்காட்சியகத்தில் நார்மர் பலகை இருக்கிறது, ஆதி அரசர் நார்மரின் செதுக்கிய கல் பலகை. 64 சென்டிமீட்டர் உயரம், ஒரு பக்கத்தில் நீண்ட கழுத்துகளைப் பின்னிக்கொண்ட இரண்டு மிருகங்கள், கீழே மதிலை முட்டி உடைக்கும் எருது. இதற்கும் 2025 நவம்பரில் முழுதாகத் திறந்த கீசாவின் புதிய பெரிய அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் வேறு, இடமும் வேறு. வண்டிக்காரரிடம் “மியூசியம்” என்று மட்டும் சொன்னால் புதியதற்குக் கொண்டுபோய் விட்டுவிடுவார். “தஹ்ரீர்” என்று சொல்லுங்கள்.

10. படமும் வரைவும்

கைபேசியில் படமெடுக்கப் பெரும்பாலான இடங்களில் தனிக் கட்டணம் இல்லை. ஃபிளாஷ் எங்கும் கூடாது. ட்ரைபாட் என்றால் தனி அனுமதி வேண்டும், அதற்கு அலைவது இவ்வளவு சின்னப் பயணத்தில் பலன் தராது. ட்ரோன் கொண்டுபோகவே போகாதீர்கள், விமான நிலையத்திலேயே பறிமுதல் செய்துவிடுவார்கள்.

ஒரு நோட்டும் பென்சிலும் கொண்டுபோங்கள். வரையத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கன்றின் கழுத்து வளைவை ஒரு முறை கையால் போட்டுப் பார்த்தபோதுதான் அந்தச் சிற்பி கோட்டை எங்கே நிறுத்தினார் என்று எனக்குத் தெரிந்தது. அதே சுவரை நாற்பது படம் எடுத்திருக்கிறேன், அவற்றில் அது தெரியவில்லை. தவிர, உட்கார்ந்து வரைபவரைக் காவலர்கள் அவசரப்படுத்துவதில்லை. டி கல்லறையில் காவலர் எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார்.

11. திரும்பும்போது

லக்சர் மேற்குக் கரையில் யாராவது கைக்குள் மறைத்து ஒரு கல் துண்டைக் காட்டுவார்கள். பறவைத் தலை, எழுத்து, பழைய மண் எல்லாம் இருக்கும். வாங்காதீர்கள். போலி என்றால் பணம் போயிற்று. அசல் என்றால் 1983-ஆம் வருடத்து 117-ஆம் எண் சட்டப்படி அது குற்றம், சிறைக்குப் போக நேரிடும். கீழே கிடக்கும் உடைந்த பானை ஓட்டைக்கூடப் பையில் போடக் கூடாது.

நகல் வாங்குவதில் தவறில்லை. மேற்குக் கரையில் கல் வேலைப் பட்டறைகள் நிறைய இருக்கின்றன, உங்கள் கண்ணெதிரேயே செதுக்கித் தருவார்கள். நான் உள்ளங்கை அளவு சுண்ணாம்புக் கல்லில் ஒரு முள்ளெலி செய்து வாங்கினேன், பேரம் பேசி 400 பவுண்டு. கடை பெயர், தேதி, “நகல்” என்ற சொல், விலை நான்கும் இருக்கும்படி ரசீது எழுதி வாங்குங்கள். அதைப் பாஸ்போர்ட்டோடு வையுங்கள், பெட்டிக்குள் போடாதீர்கள். ஊடுகதிர்ப் பெட்டியில் கல் தெரிந்ததும் விமான நிலையத்தில் என்னை ஓரமாக அழைத்துப் பையைத் திறக்கச் சொன்னார்கள். முள்ளெலியைத் திருப்பித் திருப்பிப் பார்த்த அதிகாரி ரசீதை வாங்கிப் படித்துவிட்டு, துணியில் சுற்றி அவரே பைக்குள் வைத்துக் கொடுத்தார்.